யாருடைய கலை, யாருடைய மேடை? பாலசரஸ்வதியின் வாழ்வை மீள வாசித்தல்

1937-ஆம் ஆண்டு சென்னையில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் இருக்கிறது. கோடு போட்ட மேனாட்டு இரவு உடை அணிந்து, வாயில் சிகரெட்டுடன் இரண்டு இளம்பெண்கள் ஒரு ஸ்டுடியோவில் நிற்கிறார்கள். ஒருவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. மற்றவர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி. சுப்புலட்சுமிக்கு அப்போது வயது இருபதைத் தாண்டியிருந்தது, பாலாவுக்குப் பத்தொன்பது. பெரியவர்களின் கண்ணுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்ட விளையாட்டுப் படம் அது. பல பத்தாண்டுகள் கழித்தே பொதுவெளிக்கு வந்தது. பட்டுப் புடவை, மல்லிகைச் சரம், பக்தி என்ற சட்டகத்துக்குள் மட்டுமே அவர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. நமக்கு அதில் அதிர்ச்சியில்லை. ஒரு பெருநகரத்தில் பாட்டும் ஆட்டமும் நட்பும் குறும்புமாக வாழ்ந்த இரண்டு இளைஞர்களையே நாம் அதில் காண்கிறோம். அந்த வாழ்க்கைக்கு அதன்பின் என்ன நேர்ந்தது என்பதுதான் நமது கேள்வி.

பாலசரஸ்வதி 1918 மே 13 அன்று சென்னையில் பிறந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் பாடியும் ஆடியும் வந்த பாப்பம்மாளின் வழியில் வந்த ஏழாவது தலைமுறை அவர். பாட்டி வீணை தனம்மாள் (1867–1938). தாய் ஜெயம்மாள் சிறந்த பாடகி. சித்தி மகள்களான பிருந்தாவும் முக்தாவும் இசையுலகம் வணங்கிய பாடகியர். தம்பி ரங்கநாதன் மிருதங்கக் கலைஞர். இன்னொரு தம்பி விஸ்வநாதன் புல்லாங்குழல் கலைஞர். தாய்வழியாகக் கலையும் பெயரும் கைமாறிய குடும்பம் அது. இவர்கள் பெயருக்கு முன்னுள்ள எழுத்து தந்தையைக் குறிப்பதன்று, தஞ்சாவூரைக் குறிப்பது.

ஜார்ஜ் டவுனில் இருந்த தனம்மாள் வீட்டின் வெள்ளிக்கிழமை மாலைக் கச்சேரிகள் அக்காலச் சென்னையின் இசை வாழ்வில் ஒரு மையமாக விளங்கின. மிருதங்கம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. கண்பார்வை இழந்துவிட்ட அந்த மூதாட்டி வீணையை மீட்டும்போது, பெரும் வித்துவான்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பார்கள். சாதியில் தங்களை உயர்ந்தோர் என்று கருதிக்கொண்டவர்களும் அந்த வீட்டுத் திண்ணையேறித்தான் இசையின் நுட்பத்தைக் கற்றார்கள். இதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில், பின்னாளில் எழுதப்பட்ட வரலாறு, யாரோ மேலிருந்து இறங்கிவந்து சேற்றில் கிடந்த கலையைத் தூக்கி நிறுத்தியதாகச் சொல்கிறது. அப்போது அந்தக் கலை சேற்றில் கிடக்கவில்லை. அந்த வீட்டில் இருந்தது; அந்தப் பெண்களின் விரலிலும் குரலிலும் இருந்தது.

குழந்தை பாலாவை ஆட்டத்தின்பால் ஈர்த்தவர் மயிலாப்பூர் கௌரி அம்மாள். கபாலீசுவரர் கோயிலோடு தொடர்புடைய கடைசித் தலைமுறை ஆடல் மகளிருள் ஒருவர். முறையான பயிற்சியை அளித்தவர் நட்டுவனார் கந்தப்பா பிள்ளை. பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வரின் மரபினர். பயிற்சி கடுமையானது. 1925-இல், ஏழாம் வயதில், காஞ்சிபுரத்தில் அம்மனாட்சி அம்மன் கோயிலில் அரங்கேற்றம் நடந்தது. ஆடல் மகளிர்க்கு எதிரான பிரச்சாரம் வலுத்துக்கொண்டிருந்த காலம் அது. இனி எதிர்காலமில்லை என்று சொல்லப்பட்ட ஒரு தொழிலில் தன் மகளை ஜெயம்மாள் துணிந்து இறக்கினார்.

அந்தப் பிரச்சாரத்தை நாம் எளிமைப்படுத்திவிடக் கூடாது. 1927-இல் சென்னை மாகாண சட்ட மேலவையில் உறுப்பினரான முத்துலட்சுமி ரெட்டி, பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அவரது தாய் சந்திரம்மாளும் அதே சமூகப் பின்னணியில் வந்தவர். சுயமரியாதை இயக்கத்தின் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், தான் பட்ட துன்பத்திலிருந்தே அவ்வழக்கத்தை எதிர்த்தார். சிறுமிகளைக் கோயிலின் பெயரால் நிலவுடைமையாளர்களின் இச்சைக்கு ஒப்படைத்த அமைப்பு அது என்பதில் நமக்கு ஐயமில்லை. அதே வேளையில், சென்னையின் தேவதாசிப் பெண்கள் சங்கமாகத் திரண்டு, தங்களையும் கேளுங்கள் என்று அரசுக்கு மனு அளித்தனர். தங்கள் கல்வியையும் சொத்துரிமையையும் கலையையும் ஒழுக்கக்கேடு என்ற ஒற்றைச் சொல்லால் அழிக்க வேண்டாம் என்பது அவர்கள் வேண்டுகோள். அது எடுபடவில்லை.

1947-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய இரண்டு சட்டங்களைச் சட்டம் பயின்றவர்கள் என்ற முறையில் நாம் அருகருகே வைத்துப் படிக்கிறோம். ஒன்று, கோயில் நுழைவு அதிகாரச் சட்டம்: ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அடைக்கப்பட்டிருந்த கதவை அது திறந்தது. மற்றொன்று, தேவதாசிகள் பொட்டுக்கட்டுத் தடுப்புச் சட்டம்: பொட்டுக்கட்டுவதைக் குற்றமாக்கியதோடு, கோயில் வளாகத்திலும் தெய்வ ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையும் சட்டவிரோதமாக்கியது. சுரண்டலைத் தண்டிக்க வந்த சட்டம், சுரண்டப்பட்டவரின் தொழிலையும் சேர்த்துத் தண்டித்தது. மாற்றுத் தொழிலுக்கோ, கலையை வேறு மேடையில் தொடர்வதற்கோ அந்தச் சட்டம் வழி செய்யவில்லை. புரவலராக இருந்து அனுபவித்த ஆண்களின் மதிப்புக்கு ஊரில் ஒரு குறையும் நேரவில்லை.

இதே ஆண்டுகளில் அந்தக் கலைக்கு வேறோர் இடத்தில் பட்டுக்கம்பளம் விரிக்கப்பட்டது. 1928-இல் தோன்றிய மியூசிக் அகாடமி, 1931-இல் திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்களை ஆடவைத்தது. 1933-இல் பாலா அங்கு ஆடினார். சதிர் என்ற பெயர் மறைந்து பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையில் ருக்மிணி தேவி அருண்டேல் ஆடினார். 1936-இல் கலாக்ஷேத்ராவை நிறுவினார். அவருக்குக் கற்பித்தவர்கள் மயிலாப்பூர் கௌரி அம்மாளும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும்தான். உடை, விளக்கு, அரங்க அமைப்பு யாவும் புதிதாக வடிவமைக்கப்பட்டன. சிருங்காரம் குறைக்கப்பட்டு பக்தி முன்னிறுத்தப்பட்டது. ருக்மிணி தேவியின் உழைப்பையும் அழகுணர்வையும் நாம் மறுக்கவில்லை. ஆனால், ஒரு பார்ப்பனப் பெண் ஆடியபோது துணிச்சல் என்று புகழப்பட்டது, அவருக்குக் கற்பித்த பெண் ஆடியபோது இழிவு என்று சொல்லப்பட்டது. அசைவு அதேதான், உடலின் சாதி மட்டுமே மாறியிருந்தது.

பாலசரஸ்வதி இதற்கு ஆட்டத்தின் மூலம் விடை சொன்னார். சிருங்காரமே அபிநயத்தின் உயிர், அதில் கழுவித் துடைக்க வேண்டிய அழுக்கு எதுவும் இல்லை என்ற நிலைப்பாட்டிலிருந்து அவர் கடைசிவரை இறங்கவில்லை. அமர்ந்த நிலையில், தானே பாடிக்கொண்டு, ஒரு பதத்தின் ஒரு வரிக்கு எண்ணற்ற பொருள்களை முகத்தாலும் கையாலும் காட்டுவார். அவர் அபிநயம் செய்த பதங்கள் பல, ஒரு பெண் தன் விருப்பத்தையும் சினத்தையும் தானே பேசும் பாடல்கள். அவற்றை ஆபாசமென்று ஒதுக்குவது, பெண்ணின் பேச்சை ஒதுக்குவதாகும் என்பது அவர் வாழ்விலிருந்து நாம் பெறும் பாடம்.

அதற்கான விலையையும் அவர் கொடுத்தார். 1934-இல் கல்கத்தாவில் ஆடிப் புகழ்பெற்றார். உதயசங்கர் அவரது கலையைப் போற்றினார். ஆனால் 1940-களில் வாய்ப்புகள் சுருங்கின. 1941-இல் ஆசான் கந்தப்பா மறைந்தார். உடல்நலமும் குன்றியது. புகைப்படத்தில் அவரோடு நின்ற சுப்புலட்சுமி 1940-இல் சதாசிவத்தை மணந்து, பார்ப்பனக் குடும்பப் பெண்ணின் தோற்றத்தையும் வாழ்முறையையும் ஏற்று, நாட்டின் வழிபாட்டுக்குரிய குரலானார். பாலா அவ்வழி செல்லவில்லை. தான் எந்த வீட்டிலிருந்து வந்தவர் என்பதை அவர் மறைக்கவுமில்லை, அதற்காக வெட்கப்படவுமில்லை. ஒரே பின்னணியில் வந்த இரண்டு தோழியர்க்குச் சாதிச் சமூகம் முன்வைத்த வழிகள் இவை: கரைந்து மேலேறு, அல்லது நீயாகவே நின்று ஓரத்தில் இரு. சுப்புலட்சுமியை நாம் குறை சொல்லவில்லை. அப்படியொரு தேர்வை அவர்கள்மீது திணித்த சமூகத்தையே குறை சொல்கிறோம்.

1953-இல் மியூசிக் அகாடமியின் ஆதரவில் பாலா ஒரு நடனப் பள்ளியைத் தொடங்கினார். 1955-இல் சங்கீத நாடக அகாடமி விருது. 1957-இல் பத்ம பூஷண். 1961-இல் டோக்கியோவிலும், 1962-இல் அமெரிக்காவிலும், 1963-இல் எடின்பரோ விழாவிலும் ஆடினார். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அவரும் அவர் தம்பியரும் கற்பித்தார்கள். 1973-இல், இசைக் கலைஞர்களுக்கே உரியதாயிருந்த சங்கீத கலாநிதி விருது ஆடற்கலைஞரான அவருக்கு வழங்கப்பட்டது. 1976-இல் சத்யஜித் ராய் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். 1977-இல் பத்ம விபூஷண் கிடைத்தது. 1984 பிப்ரவரி 9 அன்று சென்னையில் மறைந்தார். விருதுகளுக்குக் குறைவில்லை. ஆனால், அவரது மரபில் வந்த குடும்பங்களின் பெண்களுக்கு அந்த மேடைகளில் என்ன இடம் இருந்தது? பெரும்பாலான குடும்பங்கள் தங்கள் மகள்களைச் சலங்கையிலிருந்து விலக்கிக்கொண்டன. அவமானத்திலிருந்து தப்ப அதுவே வழியாயிருந்தது. காலியான இடத்தை, அந்த அவமானம் ஒருபோதும் தீண்டாதவர்கள் நிரப்பினார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் மறைக்கக் கூடாது. சின்ன மேளமும் பெரிய மேளமும் கோயிலுக்குள் ஒலித்தன. பறை வெளியே நிறுத்தப்பட்டது. இசை வேளாளர் பட்ட இழிவும் தலித் மக்கள் பட்ட தீண்டாமையும் ஒன்றல்ல. ஆனால் கலையை எடுத்துக்கொண்டு கலைஞரை விட்டுவிடும் சூழ்ச்சி இரண்டிலும் ஒன்றே. இன்று சென்னையின் கல்லூரி விழாக்களில் பறை முழங்குகிறது. வடிவமைப்புக் கண்காட்சிகளில் அதன் உருவம் அச்சாகிறது. அதே பறையைச் சாவு வீட்டில் அடிக்க மறுத்ததற்காகத் தாக்கப்பட்டவர்களின் வழக்குகளும் நம்மிடம் வருகின்றன. பறையைக் கைவிடுவதே விடுதலை என்றவர்கள் நம்மிடையே உண்டு. அதையே போர்க்கருவியாக ஏந்தியவர்களும் உண்டு. மூவலூர் அம்மையாரும் பாலசரஸ்வதியும் நின்ற இரு நிலைகள் அவை. இரண்டுக்கும் நியாயம் உண்டு. அவற்றுள் எதைத் தேர்வதென்று முடிவு செய்யும் உரிமை, இழிவைச் சுமந்தவர்களுக்கே உண்டு. மேடையின் உரிமையாளர்களுக்கு இல்லை.

2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தின் கடற்கரையில் கலைவிழா தொடங்கியதும், 2018-இல் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவை ஆயிரக்கணக்கானோர் முன் பாடியதும் இந்நகரத்தில் நிகழ்ந்த நல்ல மாற்றங்கள். எனினும், ஒரு மேடை திறப்பது போதாது. மார்கழியில் மயிலாப்பூருக்கோ தியாகராய நகருக்கோ கச்சேரி கேட்கச் செல்லும் மாணவத் தோழர்கள் சில எளிய கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இந்த உருப்படியை அமைத்த நட்டுவனாரின் பெயர் நிகழ்ச்சிநிரலில் உள்ளதா? இக்கலையைக் கற்பிக்கும் அரசு நிறுவனங்களில் மரபுக் குடும்பங்களின் பிள்ளைகளும் தலித் பிள்ளைகளும் எத்தனை பேர்? பாடத்திட்டத்தில் கௌரி அம்மாளின் பெயர் எங்கே இருக்கிறது? அரசு நிறுவனங்களைப் பற்றிய கேள்விக்கு விடை பெறத் தகவல் அறியும் உரிமைச் சட்டமே போதும். ஒரு விண்ணப்பம், பத்து ரூபாய்க் கட்டணம். அங்கிருந்து தொடங்குவோம்.