பால்மரமும் ரிட்லி துரையும்

கோழி கூவுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போன அப்பா அம்மாவை, அல்லது தாத்தா பாட்டியை அறியாத பிள்ளைகள் நம் பள்ளியில் குறைவு. ஏன் அவ்வளவு இருட்டில் போகவேண்டும், வெயில் ஏறிய பிறகு நிதானமாகப் போனால் மரம் கோபித்துக்கொள்ளுமா என்று ஒரு மாணவன் வகுப்பில் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். வெட்டுக்கோடு ஏன் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து வருகிறது என்று ஒரு மாணவி கேட்டாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. கேள்விகள் சின்னவைதான். ஆனால் பதில் சொல்லப் புறப்பட்டால் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அவர்தான் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி.

பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, இவர் 1855ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10ஆம் நாள் இங்கிலாந்தில், நார்ஃபோக் என்னும் வட்டாரத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். 1880 முதல் லண்டன் அரும்பொருளகத்தில், உலர்த்தி ஒட்டிய செடிகொடிகளைப் பிரித்து அடுக்கும் வேலை. எட்டு ஆண்டுகள் அதைச் செய்தார். 1888 நவம்பரில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக வந்து இறங்கியபோது அவருக்கு வயது 32. அதே 1888இல்தான் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் என்கிற கால்நடை வைத்தியர், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகத் தாம் செய்த காற்றடைத்த டயருக்கு உரிமைப் பத்திரம் வாங்கினார். ஒருவருக்கு ஒருவரைத் தெரியாது. இருந்தாலும் அந்த இரண்டு பேரின் வேலையும் சேர்ந்துதான் பின்னால் நம்மவர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றியது.

ரிட்லி வரும்போது ரப்பர் மரம் இங்கே இருந்தது. பதினொரு ஆண்டுகளாக இருந்தது. ஆனால் கவனிப்பாரில்லை.

மரம் இந்த மண்ணில் பிறந்ததல்ல. அதன் தாய்வீடு தென் அமெரிக்காவில் அமேசான் ஆற்றுக் காடு. ஆண்டு முழுதும் வெப்பம், பெரும்பாலான மாதங்களில் மழை, வேர் ஆழமாக இறங்க இடங்கொடுக்கும் மண். இவை அதன் தேவைகள். 1876இல் ஹென்றி விக்கம் என்கிற ஆங்கிலேயர், தப்பஜோஸ் என்னும் கிளையாற்றின் கரைப் பக்கமாகக் கிடைத்த ஏறக்குறைய 70,000 விதைகளைச் சேகரித்தார். காய்ந்த வாழையிலைகளை இடையிடையே வைத்துக் கூடைகளில் அடுக்கிக் கப்பலேற்றினார். லண்டன் பக்கத்தில் இருக்கும் கியூ தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்து, விதைத்துப் பார்த்தால், முளைத்தவை ஏறக்குறைய 2,700தான். நூற்றுக்கு நான்குகூட இல்லை.

ஏன் இப்படி? நெல்லை மூட்டை கட்டி அடுத்த பருவத்துக்கு வைக்கலாம். ரப்பர் கொட்டையை அப்படி வைக்க முடியாது. உள்ளே எண்ணெயும் ஈரமும் நிறைந்தது. காய்ந்தாலும் செத்துப்போகும், கட்டிப்போட்டுப் புழுங்கினாலும் செத்துப்போகும். கீழே விழுந்த சில வாரங்களுக்குள் ஈரமான மண்ணைத் தொட்டாக வேண்டும். எங்கள் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஒருமுறை இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அன்று விழுந்த கொட்டைகளை ஒரு தட்டிலும், பள்ளி அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தவற்றை இன்னொரு தட்டிலும் ஈர மணலில் வைத்தார்கள். முதல் தட்டில் முளை வந்தது. இரண்டாவது தட்டில் நாற்றந்தான் வந்தது.

முளைத்த கன்றுகளையும் இங்கிலாந்துக் குளிரில் வெளியே வைக்க முடியாது. கண்ணாடி வீட்டுக்குள் வெப்பமூட்டித்தான் காப்பாற்றினார்கள். அங்கிருந்து 1,919 கன்றுகள் கண்ணாடி வைத்த மரப்பெட்டிகளில் இலங்கைக்குப் போயின. மூடிய பெட்டிக்குள் செடி விடும் ஈரம் கண்ணாடியில் துளிர்த்து மறுபடி மண்ணிலேயே விழும். அதனால் கடல் உப்புக்காற்று படாமல், குடிதண்ணீரும் கேட்காமல், மாதக்கணக்கில் செடி உயிரோடு இருக்கும். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பதைப் பேராக்கில் கோலகங்சாருக்குக் கொண்டுபோய், ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ நட்டார். மலாயாவில் பிறகு எழுந்த தோட்டங்களின் மரங்களில் பெரும்பகுதி அந்த 22இன் வம்சம் என்று சொல்வார்கள்.

காடு மாறினாலும் மரத்துக்கு வேண்டிய வெப்பமும் மழையும் இங்கே அப்படியே இருந்தன. மரம் ஓங்கி வளர்ந்தது. சரி, வளர்ந்த மரத்தை என்ன செய்வது? இந்த இடத்தில்தான் ரிட்லி வருகிறார்.

தோட்டத்தில் புதர் மண்டிக் கிடந்த ரப்பர் மரங்களைச் சுற்றிச் சுத்தம் செய்தார். ஒவ்வொரு மரத்திலும் வெவ்வேறு விதமாக வெட்டிப் பார்த்து, எவ்வளவு பால் வருகிறது, வெட்டின இடம் எப்படி ஆறுகிறது என்று குறித்து வைத்தார். பிரேசிலில் அப்போது சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுப்பார்கள். கொத்து ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டுவிடும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஓர் அடுக்கு இருக்கிறது. மரம் பருப்பதும், புதுப்பட்டை வருவதும் அந்த அடுக்கால்தான். அதில் காயம் பட்டால் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அப்புறம் அந்த இடத்தில் கத்தி போகாது. பால் வெட்டிப் பழகியவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. மரத்தில் காயம் போட்டால் கங்காணி சும்மா விடமாட்டார்.

பால் குழாய்கள் அந்த உயிர் அடுக்குக்கு வெகு அருகில், பட்டையின் உட்பகுதியில்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஆழம் போதாவிட்டால் பால் இல்லை, கொஞ்சம் கூடிவிட்டால் மரத்துக்குக் கேடு. ரிட்லி கண்ட வழி, ஒரு சரிவான கோடு போட்டு, அடுத்த முறை அதே கோட்டின் கீழ் விளிம்பில் மெல்லிய சீவல் ஒன்றை மட்டும் எடுப்பது. இப்படிச் செய்ததில் ஓர் அதிசயமும் தெரிந்தது. முதல் நாள் குறைவாக வந்த பால், அதே இடத்தைத் திரும்பத் திரும்பச் சீவும்போது நாளுக்கு நாள் கூடியது. மரத்தை மேலே கீழே எல்லா இடத்திலும் குத்த வேண்டியதில்லை. ஒரே கோடு போதும், மேலே விட்டுவந்த இடத்தில் புதுப்பட்டை தானாக மூடிக்கொள்ளும். சில ஆண்டுகள் கழித்து அந்தப் புதுப்பட்டையிலும் வெட்டலாம். மரத்தைக் கொல்லாமல் இருபது முப்பது ஆண்டுகள் பால் எடுக்கலாம் என்றானது இதனால்தான். 1890களில் இதையெல்லாம் சோதித்து, 1897 வாக்கில் எழுதியும் வெளியிட்டார்.

காலை நேரத்தில் பால் கூடுதலாக வருவதையும் அவர் கண்டார். இரவில் இலைகள் அதிகமாக நீரை விடுவதில்லை. வேர் இழுத்த தண்ணீர் மரத்துக்குள்ளேயே நிறைந்து, பால் குழாய்கள் விம்மி நிற்கும். அப்போது வெட்டினால் பால் பாய்ந்து வரும். வெயில் ஏறினால் இலை வழியாக நீர் ஆவியாகி அழுத்தம் இறங்கிவிடும், பாலும் சீக்கிரம் உறைந்துவிடும். ஆகவே அந்த மாணவனுக்கு என் பதில்: மரம் கோபித்துக்கொள்ளாது, ஆனால் தாகமாக இருக்கும். மாணவியின் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் ரிட்லிக்குப் பின் வந்த ஆராய்ச்சியாளர்கள். பால் குழாய்கள் நேராக ஏறுவதில்லை, சற்றே சாய்ந்து வலமாகச் சுற்றி ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் கோடுதான் அதிகக் குழாய்களை அறுக்கும்.

இவ்வளவு கண்டுபிடித்தும் வாங்க ஆளில்லை. மேலதிகாரிகள் அவர் நேரத்தை வீணாக்குவதாக நினைத்தார்கள். தோட்டக்காரர்கள் காப்பி நட்டுக் காசு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாறு வருஷம் காத்திருந்து பால் எடுக்கும் மரத்தை எவன் நடுவான்? சட்டைப்பையில் ரப்பர் கொட்டைகளைப் போட்டுக்கொண்டு, கண்ட துரைமார் கையிலெல்லாம் திணிப்பாராம். கிறுக்கன் ரிட்லி என்று பேர் வைத்துவிட்டார்கள். தூர இடங்களுக்கு விதை அனுப்ப, ஈரமாக்கிய கரித்தூளில் பொதிந்தால் உயிர் நிற்கும் என்பதையும் இந்தக் கிறுக்கர்தான் சோதித்துக் கண்டார்.

கடைசியில் அவர் பேச்சைக் கேட்டவர் மலாக்காவின் சீன வணிகர் டான் சாய் யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். அதற்குள் காப்பியின் காலம் சரிந்துவிட்டது. இலங்கையில் 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் இருபது ஆண்டுகளுக்குள் அங்கே காப்பித் தோட்டங்களை அழித்திருந்தது. மலாயாவிலோ புழுக்கள் ஒருபக்கம், பிரேசில் காப்பி வெள்ளமாக வந்து விலை விழுந்தது மறுபக்கம். கிறுக்கன் என்றவர்கள் விதை கேட்டு வரிசையில் நின்றார்கள். 1910இல் லண்டனில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கும் மேலே போனது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. மரத்துக்குப் பொருந்திய இந்த மண், அதை நடவந்த நம் முன்னோருக்கு முதலில் பொருந்தவில்லை. மலைச்சரிவுக் காட்டை அழித்ததும், நிழலில் ஓடிய ஓடைகள் வெயிலுக்கு வந்தன. வெயில் படும் தெளிந்த ஓடையில்தான் மலைப்பகுதியின் மலேரியாக் கொசு முட்டையிடும். காடு நின்றவரை இல்லாத காய்ச்சல், காடு போனதும் லயங்களில் புகுந்தது. கிள்ளானில் வேலை செய்த டாக்டர் மால்கம் வாட்சன் இதை ஆராய்ந்து, ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய்விட்டும் எண்ணெய் தெளித்தும் கட்டுப்படுத்தினார். அதற்கு முன்னே தமிழர்கள் எத்தனை பேர் போய்விட்டார்கள்! மரம் எந்த ஈரத்தில் பிழைக்கும், எந்த நேரத்தில் பால் தரும் என்று பார்க்க ஒருவர் பல ஆண்டு செலவிட்டார். கூலியாள் எந்த லயத்தில் பிழைப்பான் என்று பார்க்க ஆள் வரக் காலதாமதம் ஆனது. இது ரிட்லியின் குற்றமல்ல, ஆனாலும் கணக்கில் சேர்க்க வேண்டியது.

இன்னொரு வேடிக்கை. மரத்தின் தாய்வீட்டிலேயே தோட்டம் போடலாம் என்று 1920களின் கடைசியில் அமெரிக்காவின் ஃபோர்டு மோட்டார் முதலாளி கிளம்பினார். விக்கம் விதை எடுத்த அதே தப்பஜோஸ் ஆற்றங்கரையில் ஃபோர்ட்லாண்டியா என்று ஓர் ஊரையே எழுப்பினார். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் கட்டினார். மண் அதுதான், மழை அதுதான், வெப்பமும் அதுதான். மரம் பிழைக்கவில்லை. அமேசானில் ரப்பர் இலையைத் தாக்கும் ஒரு பூஞ்சை இருக்கிறது. காட்டில் மரங்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில், மற்ற மரங்களுக்கு நடுவே நிற்பதால் நோய் தாவ வழியில்லாமல் அங்கங்கே நின்றுபோகும். நிரை நிரையாக நெருக்கி நட்டதும், ஒரு மரத்து இலையிலிருந்து அடுத்த மரத்துக்கு ஏணி வைத்த மாதிரி ஆயிற்று. துளிர்க்கும் இளம் இலை எல்லாம் கருகி உதிர்ந்தது. வேறு இடத்தில் மறுபடி நட்டும் பயனில்லை. 1945இல் எல்லாவற்றையும் பிரேசில் அரசிடமே விட்டுவிட்டுப் போனார்கள். நம் 22 கன்றுகள் விதையாகக் கடல் தாண்டி, கண்ணாடி வீட்டில் முளைத்து வந்தபோது அந்தப் பூஞ்சை கூட வரவில்லை. இன்றுவரை ஆசியாவுக்கு அது வந்து சேரவில்லை. தென் அமெரிக்காவிலிருந்து ஒரு செடியும் சும்மா உள்ளே வராதபடி மலேசிய அதிகாரிகள் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்ப்பது அதனால்தான். ஆனாலும் 2016 முதல் இந்தோனேசியாவிலும் அதையடுத்து மலேசியாவிலும் வேறொரு பூஞ்சையால் ரப்பர் இலைகள் காலமல்லாத காலத்தில் உதிர்கின்றன. இலை இல்லாத மரத்தில் பால் குறைவதைத் தோட்டத்தில் இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள்.

ரிட்லி 1911இல் ஓய்வுபெற்று, இங்கிலாந்தில் கியூ தோட்டத்துக்கு அருகிலேயே குடியேறினார். ஓய்வு என்பது பேருக்குத்தான். மலாயாவின் செடிகொடிகளைப் பற்றி ஐந்து பாகங்களில் நூல் எழுதினார். அவை 1922 முதல் 1925 வரை வெளிவந்தன. 1930இல், விதைகள் உலகமெங்கும் எப்படிப் பரவுகின்றன என்பதைப் பற்றி ஒரு பெரிய நூல் கொண்டுவந்தார். காற்றில் பறப்பவை, தண்ணீரில் மிதப்பவை, பறவை வயிற்றில் போகிறவை எல்லாம் அதில் உண்டு. நம் பிள்ளைகளுக்கு ரப்பர் காய் தெரியும். வெயில் காலத்தில் பட்டென்று வெடித்துக் கொட்டை எங்கோ போய் விழும், பொறுக்கியதைச் சிமெண்டில் தேய்த்து அடுத்தவன் கையில் சூடு வைப்பார்கள். அமேசானில் அப்படி வெடித்துத் தெறிக்கும் கொட்டை வெள்ளத்தில் விழுந்து மிதந்துபோய் வேறு கரையில் முளைக்கும். அதன் சொந்தப் பலத்தில் அவ்வளவு தூரந்தான் போக முடியும். கடல் தாண்ட மனிதன் வேண்டியிருந்தது.

எண்பது வயதுக்கு மேல் ரிட்லி கல்யாணம் செய்துகொண்டார். நூறாவது பிறந்தநாளையும் பார்த்துவிட்டு, 1956ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் காலமானார். மலாயாவின் மெர்டேக்காவுக்கு அப்போது பத்து மாதம் இருந்தது. ஹியூ லோ நட்டதில் மிஞ்சியது என்று சொல்லப்படும் ஒரு மரம் கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாம்.