கைவிளக்கேந்திய காரிகை

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றால் எல்லோருக்கும் விளக்குதான் ஞாபகம் வரும். எனக்கு ஒரு திரைதான் ஞாபகம் வருகிறது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

அவர் 1820 மே 12-ல் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் பிறந்தார். ஊர்ப் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டார்கள்! பணக்கார ஆங்கிலேயக் குடும்பம். நர்ஸ் வேலைக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒத்துக்கொள்ளவே இல்லை. அந்தக் காலத்தில் அதைக் கேவலமான வேலையாக நினைத்தார்களாம். பல வருஷம் போராடித்தான் போனார்.

1854-ல் கிரிமியா போர். நவம்பரில் 38 நர்சுகளோடு துருக்கியில் ஸ்குட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்கு வந்தார். எங்கே பார்த்தாலும் எலி, பேன், அழுக்குத் துணி. காயத்தால் செத்தவர்களைவிடக் காலரா, டைபாய்டு, பேதியில் செத்தவர்கள்தான் அதிகம். 1855-ல் இங்கிலாந்திலிருந்து ஒரு குழு வந்து சாக்கடையைச் சுத்தம் செய்த பிறகு சாவு நன்றாகக் குறைந்தது.

அங்கே காலை வெட்டி எடுப்பதைக்கூட வார்டிலேயே, மற்றவர்கள் கண் முன்னாடியே செய்தார்கள். அடுத்தது நம் முறை என்று படுத்திருப்பவனுக்கு எப்படி இருக்கும்? நைட்டிங்கேல்தான் ஒரு திரை வைத்து மறைக்க ஏற்பாடு செய்தார். சாகப்போகிறவரை முடிந்தவரை தனியாக விடமாட்டார். இறந்தவர்களின் வீட்டுக்குத் தானே கடிதம் எழுதி, அவர்கள் கடைசியாகச் சொன்னதைத் தெரிவிப்பார்.

போன பங்குனியில் எங்கள் அப்பாயி ஒரு ஆஸ்பத்திரியில் இறந்துபோச்சு. கட்டில் பக்கத்திலேயே நின்று, இனி தேறாது என்று அது காதுபடப் பேசினார்கள். அப்பாயி கண்ணை மூடித்தான் கிடந்தது, ஆனால் என் கையை இறுக்கிப் பிடித்தது. கடைசி ராத்திரி எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அம்மா என்ன கேட்டுச்சோ என்று அப்பா இன்னமும் புலம்புகிறார்.

நோயாளி பக்கத்தில் குசுகுசுவென்று பேசக்கூடாது, எல்லாம் சரியாகிவிடும் என்று சும்மா ஆறுதலும் சொல்லக்கூடாது என்று நைட்டிங்கேல் தன் புத்தகத்தில் எழுதியிருப்பதாக அறிவியல் டீச்சர் சொன்னார்கள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1860-ல் லண்டனில் நர்சுகளுக்குப் பள்ளி தொடங்கினார். போரில் வந்த நோயால் பல வருஷம் அவரே படுக்கையில் கிடந்தார். படுத்தபடியே எழுதிக்கொண்டே இருந்தார். 1910 ஆகஸ்ட் 13-ல், 90 வயதில் இறந்தார். பெரிய தலைவர்களைப் புதைக்கும் இடத்தில் அடக்கம் செய்யலாம் என்றார்கள். குடும்பத்தார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கிராமத்துக் கல்லறையில் அவர் முழுப் பெயர்கூட இல்லை. எஃப், என் என்ற இரண்டு எழுத்தும், பிறந்த, இறந்த தேதியும்தான்.