ஸிஸிலி வில்லியம்ஸ் அம்மையார்

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஆக்ரா என்றொரு பட்டினம் உண்டு. இந்நாளில் கானா எனப்படும் அத்தேசம் அந்நாளில் கோல்ட் கோஸ்ட் என்னும் பெயருடன் ஆங்கிலர் ஆட்சியில் இருந்தது. 1929-ஆம் ஆண்டில் அங்கு வைத்தியப் பணி ஏற்றுச் சென்றவரே நாம் ஈண்டுக் கூறப் புகுந்த அம்மையார். இவர் 1893-இல் ஜமெய்க்காத் தீவிற் பிறந்து, ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையிற் பயின்று, 1923-இல் வைத்தியரானவர்.

ஆக்ராவில் ஒரு நோய் அம்மையாரின் மனத்தை வருத்திற்று. ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் கைகால் வீங்கி, மயிர் நிறம் வெளுத்து, தோல் உரிந்து, ஓயாது சிணுங்கி மடிந்தன. அவர் தாய்மாரை அறியாதவரென்று ஒதுக்காது அவர்களிடமே வினவினார். கா மொழியில் அதனைக் குவாஷியோர்கர் என்றனர். அடுத்த குழந்தை வரவே தாய்ப்பாலினின்றும் தள்ளப்பட்ட மூத்த குழந்தைக்கு உண்டாகும் நோய் என்பது அதன் கருத்தாம். நோயின் காரணம் பெயரிலேயே இருந்தது!

பால் இழந்த குழந்தைக்குக் கிட்டியது புளித்த மக்காச்சோள மாவின் கூழும் களியுமே. தயிரிலுள்ள லாக்டிக் அமிலமே அம்மாவிற்கும் புளிப்பைத் தருவது. அவ்வமிலம் கூழில் தீய கிருமிகள் பெருகாமல் தடுக்கும் என்பது பிற்கால ஆராய்ச்சிகளால் விளங்கிற்று. ஆயினும் சோளத்திற் குறைந்த புரதத்தை அது நிறைக்கவல்லதன்று. புரதக் குறைவொன்றே இந்நோய்க்கு முழுக் காரணமோ என்பது இன்றும் ஆராயப்படுகிறது.

1933-இல் அம்மையார் தாம் கண்டதை வெளியிட்டார். ஸ்டானஸ் என்னும் அறிஞர், இது பெலாக்ரா என்னும் பழைய நோயே எனச் சாதித்தார். அம்மையார் அசையவில்லை. 1935-இல் லான்செட் பத்திரிகையில் தாய்மார் வழங்கிய பெயரையே தலைப்பாக்கி மீண்டும் எழுதினார். பட்டம் பெற்றோர் மறுக்கும்போது எழுத்தறியாத் தாய்மாரின் சொல்லைத் தாங்கி நிற்றல் எளிதன்று என்றே நாம் எண்ணுகிறோம்.

பின்னர் மலேயாவிற்கு மாற்றப்பட்டார். ஆங்குச் சர்க்கரை சேர்ந்த டப்பாப் பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடென விற்கக் கண்டு, 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், பாலும் கொலையும் என்னும் தலைப்பில் அவ்வாணிபத்தைக் கடிந்து பேசினார். யுத்தத்தில் ஜப்பானியரின் கைதியாகிச் சாங்கிச் சிறையில் வாடினார். ஆங்குப் பிறந்த 20 சிசுக்களும் தாய்ப்பாலுண்டு பிழைத்தமையைப் பின்னாளிற் பெருமையுடன் நினைவுகூர்வார்.

1948-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தில் தாய்சேய் நலப் பகுதியின் முதல் தலைவரானார். 1992-இல் தமது 98-ஆம் வயதில் ஆக்ஸ்போர்டில் காலமானார்.