கோனோசுகே மட்சுஷிட்டா

கோனோசுகே மட்சுஷிட்டா (நவம்பர் 27, 1894 - ஏப்ரல் 27, 1989) ஒரு ஜப்பானியத் தொழிலதிபர் ஆவார். இன்று பானாசோனிக் என அறியப்படும் மின்பொருள் நிறுவனத்தை 1918 ஆம் ஆண்டு ஒசாக்கா நகரில் நிறுவியவர் இவரே. நான்காம் வகுப்போடு பள்ளிப் படிப்பை நிறுத்திய இவர், விளக்குத் தாங்கியில் தொடங்கி வானொலி, தொலைக்காட்சி, நிகழ்படப் பதிவுக் கருவி வரை செய்யும் பெருநிறுவனத்தைக் கட்டி எழுப்பினார். ஜப்பானில் மேலாண்மையின் கடவுள் என்ற பட்டப்பெயராலும் அறியப்படுகிறார்.

கணினிப் பயனர்கள் பலர் இவர் பெயரைத் தம்மை அறியாமலேயே கண்டிருக்கக் கூடும். 2000களில் வெளிவந்த பல மடிக்கணினிகளில் இருந்த இறுவட்டு எழுதிகள், இயங்குதளத்தின் சாதனப் பட்டியலில் மட்ஷிட்டா என்ற பெயருடன் தோன்றின. அது எழுத்துக் குறைக்கப்பட்ட இவருடைய குடும்பப் பெயர் ஆகும்.

இளமைக்காலம்

மட்சுஷிட்டா, ஜப்பானின் வாகயாமா மாகாணத்தில் வாசா என்னும் சிற்றூரில் எட்டுக் குழந்தைகளில் கடைசியாகப் பிறந்தார். குடும்பம் நிலமும் வசதியும் உடையதாக இருந்தது. தந்தை அரிசிச் சந்தையின் ஊக வணிகத்தில் ஈடுபட்டு, 1899 அளவில் சொத்துகள் அனைத்தையும் இழந்தார். குடும்பம் வாகயாமா நகருக்குக் குடிபெயர்ந்து மரக்காலணிக் கடை ஒன்றை நடத்தியது. அதுவும் நிலைக்கவில்லை.

1904 ஆம் ஆண்டு, ஒன்பது வயதில், மட்சுஷிட்டா தனியாக ஒசாக்காவுக்கு அனுப்பப்பட்டார். முதலில் கரி அடுப்புகள் விற்கும் கடை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தார். சில மாதங்களில் அக்கடை மூடப்பட்டதால், மிதிவண்டிக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பணிபுரிந்தார். உலோக வேலையையும், வாடிக்கையாளரிடம் பழகும் முறையையும் இங்கேயே கற்றார். தந்தை 1906 ஆம் ஆண்டிலும் தாய் 1913 ஆம் ஆண்டிலும் இறந்தனர். உடன்பிறந்தோர் பலரும் இளம் வயதிலேயே மறைந்தனர். இவரும் வாழ்நாள் முழுவதும் உடல்நலக் குறைவுடனேயே வாழ்ந்தார்.

மின்துறையில் நுழைவு

ஒசாக்காவின் தெருக்களில் மின்சார டிராம் வண்டிகள் ஓடுவதைக் கண்ட மட்சுஷிட்டா, இனிவரும் காலம் மின்சாரத்துக்கு உரியது என எண்ணினார். 1910 ஆம் ஆண்டு ஒசாக்கா மின்விளக்கு நிறுவனத்தில் கம்பி இணைப்புப் பணியாளரின் உதவியாளராகச் சேர்ந்தார். 1915 ஆம் ஆண்டு முமேனோ இயூவேயை மணந்தார். 1917 ஆம் ஆண்டு, 22 ஆம் வயதில், மேற்பார்வையாளராக உயர்ந்தார்.

பணியில் இருந்தபோது தாம் வடிவமைத்த புதிய வகை விளக்குத் தாங்கியை மேலதிகாரியிடம் காட்டினார். அது ஏற்கப்படவில்லை. அதே ஆண்டு வேலையை விட்டு விலகி, 100 யென்னுக்கும் குறைவான கைப்பணத்துடன் தம் வாடகை வீட்டிலேயே உற்பத்தியைத் தொடங்கினார். மனைவி முமேனோ, அவருடைய தம்பி தோஷியோ இயூவே, முன்னாள் பணித்தோழர் இருவர் ஆகியோர் உடன் இருந்தனர்.

தாங்கிகள் விற்கவில்லை. பணித்தோழர் இருவரும் விலகினர். முமேனோ தம் உடைகளை அடகு வைத்துக் குடும்பம் நடத்தினார். 1917 ஆம் ஆண்டின் இறுதியில், மின்விசிறிகளுக்கான 1000 காப்புத் தட்டுகள் செய்து தருமாறு கிடைத்த ஆணையே இவர்களைக் காப்பாற்றியது. அதில் கிடைத்த ஆதாயத்தைக் கொண்டு 1918 மார்ச் 7 அன்று நிறுவனம் முறையாகத் தொடங்கப்பட்டது.

மலிவும் தரமும்

நிறுவனத்தின் தொடக்க கால வெற்றிப் பொருள் ஓர் இணைப்புச் செருகி ஆகும். பழைய மின்குமிழ்களின் அடிப்பகுதிகளை மறுபடி பயன்படுத்தியதால், சந்தை விலையை விட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாக அதை விற்க முடிந்தது.

1923 ஆம் ஆண்டு மிதிவண்டிகளுக்கான மின்கல விளக்கை வெளியிட்டார். அக்கால மின்கல விளக்குகள் இரண்டு, மூன்று மணி நேரமே எரிந்தன. இவருடைய விளக்கு 30 முதல் 40 மணி நேரம் வரை எரிந்தது. மின்கல விளக்குகள் மீது நம்பிக்கை இழந்திருந்த வணிகர்கள் இதை வாங்க மறுத்தனர். எனவே விளக்குகளைக் கடைகளில் எரிய விட்டு வைத்து, எவ்வளவு நேரம் எரிகிறது என்று கடைக்காரரே பார்த்த பின் பணம் தந்தால் போதும் என்ற ஏற்பாட்டைச் செய்தார். தயாரிப்பாளரின் சொல்லைக் கொண்டன்றி, சோதனை முடிவைக் கொண்டே பொருளை மதிப்பிட வைத்த விற்பனை முறையாக இது குறிப்பிடப்படுகிறது. 1927 ஆம் ஆண்டு முதல் நேஷனல் என்ற வணிகப் பெயர் பயன்பாட்டுக்கு வந்தது.

பொருளாதார நெருக்கடி

1929 ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனை பாதியாகக் குறைந்து, கிடங்குகள் நிரம்பின. பணியாளரில் பாதிப் பேரை நீக்க வேண்டும் என்ற யோசனை நோயுற்றுப் படுத்திருந்த மட்சுஷிட்டாவிடம் வைக்கப்பட்டது. இவர் அதை ஏற்கவில்லை. உற்பத்தியை அரை நாளாகக் குறைத்து, ஊதியத்தை முழுமையாக வழங்கினார். விடுமுறை நாட்களிலும் அனைவரும் தேங்கிய பொருட்களை விற்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இரண்டு மாதங்களில் கிடங்குகள் காலியாயின.

1932 ஆம் ஆண்டு, வானொலித் தயாரிப்பாளர்களுக்குத் தடையாக இருந்த முக்கியக் காப்புரிமைகளைத் தம் பணத்தில் வாங்கி, துறையினர் அனைவரும் இலவசமாகப் பயன்படுத்த விட்டார். அதே ஆண்டு மே 5 அன்று நிறுவனத்தின் நோக்கத்தைப் பணியாளரிடம் அறிவித்தார். குழாய் நீர் போல வீட்டுப் பொருட்கள் ஏராளமாகவும் மலிவாகவும் கிடைத்தால் வறுமை ஒழியும் என்பது அதன் சாரம். 1933 ஆம் ஆண்டு, ஒவ்வொரு பொருள் வகைக்கும் தனிப் பொறுப்புடைய பிரிவுகளாக நிறுவனத்தைப் பிரித்தார்.

போரும் பின்விளைவுகளும்

இரண்டாம் உலகப் போரின்போது, இராணுவத்தின் கோரிக்கைக்கு இணங்கி மரக் கப்பல்களையும் மர விமானங்களையும் கட்டும் துணை நிறுவனங்களை மட்சுஷிட்டா தொடங்கினார். இதன் விளைவாகப் போருக்குப் பின் அமெரிக்க ஆக்கிரமிப்பு அரசு இவரைப் பதவி நீக்கத்துக்கு உரியோர் பட்டியலில் சேர்த்தது. அக்காலத்தில் பல தொழிற்சங்கங்கள் முதலாளிகளை நீக்கக் கோரிக் கொண்டிருந்தன. மட்சுஷிட்டா நிறுவனத்தின் தொழிற்சங்கமோ, இவரை நீக்கக் கூடாது என ஆயிரக்கணக்கான கையொப்பங்களுடன் மனு அளித்தது. 1947 ஆம் ஆண்டு இவர் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது.

இந்நெருக்கடியின்போது மைத்துனர் தோஷியோ இயூவே நிறுவனத்தை விட்டு விலகி, 1947 ஆம் ஆண்டு சான்யோ நிறுவனத்தைத் தொடங்கினார். 1929 ஆம் ஆண்டு எவரையும் நீக்காத மட்சுஷிட்டா, 1950 ஆம் ஆண்டு ஐந்நூறுக்கும் மேற்பட்ட பணியாளரை நீக்க நேர்ந்தது.

பிலிப்ஸ் ஒப்பந்தமும் பிந்தைய பணிகளும்

1952 ஆம் ஆண்டு நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்துடன் கூட்டு நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. தொழில்நுட்பக் கட்டணமாக பிலிப்ஸ் 7 விழுக்காடு கேட்டது. மட்சுஷிட்டா அதை 4.5 விழுக்காடாகக் குறைத்ததுடன், தம் தரப்பின் மேலாண்மைப் பணிக்கு 3 விழுக்காடு கட்டணமும் பெற்றார். இதே பிலிப்ஸ் பின்னாளில் சோனியுடன் இணைந்து இறுவட்டை உருவாக்கியது.

1961 ஆம் ஆண்டு தலைமைப் பொறுப்பை மருமகன் மசஹாருவிடம் ஒப்படைத்துத் தலைவரானார். 1964 ஆம் ஆண்டு விற்பனை நிறுவனங்கள் பல நட்டத்தில் வீழ்ந்தபோது, அவற்றின் உரிமையாளர்களை அதாமி நகரில் மூன்று நாட்கள் கூட்டி, குறைகளைக் கேட்டு, தவறு தம் நிறுவனத்துடையது என ஏற்றார். பின்னர் விற்பனைப் பிரிவின் பொறுப்பைத் தற்காலிகமாகத் தாமே ஏற்றுச் சீர்செய்தார். 1965 ஆம் ஆண்டு ஐந்து நாள் வேலை வாரம் நடைமுறைக்கு வந்தது. 1973 ஆம் ஆண்டு தலைவர் பதவியிலிருந்து ஓய்வு பெற்று ஆலோசகரானார். நிகழ்ப்பட நாடா வடிவங்களுக்கிடையே போட்டி எழுந்தபோது, நிறுவனம் 1977 ஆம் ஆண்டு சோனியின் பீட்டாமேக்ஸை விடுத்து விஎச்எஸ் வடிவத்தை ஏற்றது. அதில் இவருடைய ஆதரவுக்கு முக்கியப் பங்கு உண்டு.

1946 ஆம் ஆண்டு பிஎச்பி ஆய்வு நிறுவனத்தையும், 1979 ஆம் ஆண்டு அரசியல் தலைவர்களைப் பயிற்றுவிக்கும் மட்சுஷிட்டா கல்விக்கழகத்தையும் நிறுவினார். 2011 ஆம் ஆண்டு ஜப்பானின் பிரதமரான யோஷிஹிகோ நோடா இக்கழகத்தில் பயின்றவர். மட்சுஷிட்டா 1989 ஏப்ரல் 27 அன்று, 94 ஆம் வயதில் காலமானார்.

இறுவட்டு எழுதிகளில் இவர் பெயர்

கணினிக்கும் வட்டு இயக்கிக்கும் இடையிலான ஸ்கசி கட்டளை முறையில், ஒவ்வொரு சாதனமும் தன்னை அடையாளம் காட்ட வேண்டும். தயாரிப்பாளர் பெயருக்கு 8 எழுத்துகளும், பொருளின் பெயருக்கு 16 எழுத்துகளும் ஒதுக்கப்பட்டுள்ளன. ஆங்கிலத்தில் மட்சுஷிட்டா என்ற பெயருக்கு 10 எழுத்துகள் தேவை. எனவே இரண்டு எழுத்துகள் நீக்கப்பட்டு மட்ஷிட்டா எனச் சுருக்கப்பட்டது. மடிக்கணினியின் மேல் வேறு நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், உள்ளே உள்ள எழுதியை உண்மையில் செய்தவர் யார் என்பதை இந்த எட்டு எழுத்துகள் காட்டிக் கொடுத்தன. எழுதி ஒன்றை மதிப்பிடும்போது பெட்டியின் மேலுள்ள பெயரை விட இந்த அடையாளமே கூடுதல் பயன் தருவது.

நிறுவனம் 1995 ஆம் ஆண்டு 650 மெகாபைட் கொள்ளளவு கொண்ட பிடி வட்டையும், 1998 ஆம் ஆண்டு ஒரு பக்கத்துக்கு 2.6 கிகாபைட் கொண்ட டிவிடி-ராம் இயக்கியையும் வெளியிட்டது. டிவிடி-ஆர்டபிள்யூ வட்டில் ஏறத்தாழ 1000 முறை எழுதலாம் என்றால், டிவிடி-ராம் வட்டில் 1,00,000 முறை எழுதலாம் எனக் கணக்கிடப்பட்டது. எழுதியதை இயக்கியே உடனுக்குடன் சரிபார்ப்பதால் தரவு பிழைபடும் வாய்ப்பு குறைவு. ஆனால் அதே காரணத்தால் எழுதும் வேகமும் குறைவு. பல டிவிடி இயக்கிகளில் இவ்வட்டைப் படிக்கவும் இயலாது.

எழுதிகளை மதிப்பிடுவோர் பொதுவாகக் கருதுபவை வருமாறு:

* வேகம்: இறுவட்டின் ஒரு மடங்கு வேகம் நொடிக்கு 150 கிலோபைட், டிவிடியின் ஒரு மடங்கு வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1385 கிலோபைட். இரண்டின் மடங்கு எண்களையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது.
* ஏற்கும் வட்டு வகைகள்: எழுத இயலும் வகைகளும் படிக்க மட்டும் இயலும் வகைகளும் வேறுபடும்.
* பிழை அளவு: எழுதி முடித்த வட்டை வேறோர் இயக்கியிலும் படித்துச் சோதித்தல் நன்று.
* தரவு வரத்து தடைப்படும்போது வட்டு வீணாகாமல் காக்கும் வசதி. இவ்வகையில் புகழ்பெற்ற பர்ன்-புரூஃப் நுட்பத்தை 2000 ஆம் ஆண்டு வெளியிட்டது, தோஷியோ இயூவே நிறுவிய சான்யோ ஆகும். சான்யோ 2009 ஆம் ஆண்டு பானாசோனிக்கின் துணை நிறுவனமானது.

தமிழ்நாட்டில்

மட்சுஷிட்டாவின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தோ நேஷனல் நிறுவனம் நிப்போ மின்கலங்களைத் தயாரித்தது. சென்னை அருகே சோழவரத்தில் ரைஸ் குக்கர் தயாரிக்கும் கூட்டு நிறுவனமும் தொடங்கப்பட்டது. தருமபுரி, அரூர், பாலக்கோடு போன்ற சிறு நகரங்களின் நிழற்பட நிலையங்கள் திருமண நிகழ்ப்படங்களை முதலில் விஎச்எஸ் நாடாவிலும், 2000களில் டிவிடியிலும் பதிந்து தந்தன. நாடாவிலிருந்து வட்டுக்கு மாற்றப்படாத பதிவுகள் பலவற்றை இன்று காண்பதற்குக் கருவிகள் அரிதாகிவிட்டன. எழுதப்பட்ட வட்டுகளும் வெப்பத்தாலும் ஒளியாலும் சிதையக் கூடியவை என்பதால், அவற்றையும் வேறு சேமிப்புக்கு மாற்றுதல் தேவையாகிறது.

விமர்சனங்கள்

போர்க்கால உற்பத்தி இவர் மீதான முதன்மை விமர்சனம் ஆகும். 1964 ஆம் ஆண்டு, நிறுவனம் குறித்த விலைக்கும் குறைவாக விற்ற டாயே அங்காடிக்குப் பொருள் வழங்குவதை நிறுத்தினார். 1970 ஆம் ஆண்டையொட்டி வண்ணத் தொலைக்காட்சிகளின் விலையை எதிர்த்து நுகர்வோர் அமைப்புகள் புறக்கணிப்பு நடத்தின. குழாய் நீர் போல் மலிவு என்ற இவருடைய கொள்கைக்கு இவை முரணானவை எனச் சுட்டப்பட்டது. வட்டு எழுதிகளைப் பொறுத்தவரை, டிவிடி பிராந்தியக் கட்டுப்பாட்டைக் கறாராகச் செயல்படுத்தியமைக்காக இந்நிறுவனத்தின் இயக்கிகள் பயனரால் குறை கூறப்பட்டன.

பெயர் மாற்றம்

2008 அக்டோபர் 1 அன்று நிறுவனம் தன் பெயரை பானாசோனிக் என மாற்றிக் கொண்டது. நிறுவனரின் பெயர் முகப்பிலிருந்து நீங்கியது. எழுதத்தக்க புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை பானாசோனிக் 2023 ஆம் ஆண்டு நிறுத்தியது. முன்பு விற்கப்பட்ட இயக்கிகளின் நிலைபொருளில் பெயர் மாறவில்லை. அவ்வகை மடிக்கணினி இயக்கப்படும்போது, சாதனப் பட்டியலில் இன்றும் எட்டு எழுத்துகளில் மட்ஷிட்டா என்றே தோன்றுகிறது.