செம்பட்டை முடிச் சாமியாரும் பியெத்தா இல்லத்து ஆசிரியைகளும்

ஜூபிலி மலர் என்றால் கோயில் கட்டிய குருக்களையும், நிலம் கொடுத்த குடும்பங்களையும், மணி வாங்கித் தந்த உபகாரிகளையும் நினைவுகூர்வது வழக்கம். பாடற்குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர்களோ பெரும்பாலும் பெயரில்லாமலே போய்விடுகிறார்கள். ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரை யார் படம் பிடிக்கிறார்கள்? அக்குறையைச் சிறிதேனும் தீர்க்க எண்ணி, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலி நாட்டு வெனிஸ் நகரில், பெற்றோர் அறியாப் பெண் குழந்தைகளுக்கு வயலின் கற்பித்த ஒரு குருவானவரின் வாழ்க்கையையும், அவரோடு உழைத்த ஆசிரியைகளின் பணியையும் இங்கே சுருங்கத் தர விழைகிறோம். அக்குருவானவரே உலகப் புகழ்பெற்ற அருட்தந்தை அந்தோனியோ விவால்டி.

இவர் 1678-ம் ஆண்டு மார்ச் 4-ம் நாள் வெனிஸில் பிறந்தார். பிறந்தவுடன் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சி, மருத்துவச்சியே வீட்டில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு மாதம் கழித்து, மே 6-ம் நாள்தான் குழந்தையைக் கோயிலுக்குக் கொண்டுபோய் எஞ்சிய சடங்குகளை நிறைவேற்றினார்கள். தந்தை ஜொவான்னி பத்திஸ்தா முதலில் நாவிதத் தொழில் செய்தவர். வயலின் வாசிப்பில் தேர்ந்து, 1685-ல் புனித மாற்கு பேராலயத்து இசைக்குழுவில் இடம்பெற்றார். மகனுக்கு வயலின் கற்றுக் கொடுத்தவரும் அவரே என்பது வரலாற்றாசிரியர் துணிபு. தந்தையும் மகனும் செம்பட்டைத் தலையர். ஆகவே மகன் குருவானதும் ஊரார் அவரைச் செம்பட்டை முடிச் சாமியார் என்றே அழைக்கலாயினர்.

1703-ம் ஆண்டு மார்ச் 23-ம் நாள், தம் 25-ம் வயதில், அவர் குருப்பட்டம் பெற்றார். ஆனால் பூசை வைத்த காலம் மிகக் குறுகியது. பிறவியிலிருந்தே நெஞ்சு இறுக்கம் அவரை வாட்டியது. ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று இக்கால மருத்துவர் கருதுகின்றனர். மூன்று முறை பூசையை முடிக்க முடியாமல் பீடத்தை விட்டு இறங்க நேர்ந்ததென்று பிற்காலத்தில் அவரே கடிதமொன்றில் விளக்கியிருக்கிறார். மனத்தில் ஒரு மெட்டு உதித்ததால் அதை எழுதிக்கொள்ளப் பூசையை விட்டுவிட்டு ஓடினார் என்ற கதையும் உண்டு. நாம் அதை நம்பவில்லை. வம்பு பேசுவோருக்கு எக்காலத்திலும் பஞ்சமில்லை. எப்படியாயினும், பீடத்தில் நிற்க முடியாத குருவுக்கு வேறொரு பணி காத்திருந்தது. அதே 1703-ம் ஆண்டு செப்டம்பரில், பியெத்தா இல்லம் அவரை வயலின் ஆசிரியராக நியமித்தது. ஆண்டுச் சம்பளம் 60 டுகாட்.

இனி அந்த இல்லத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

1346-ம் ஆண்டு, கைவிடப்பட்ட குழந்தைகளின் நிலை கண்டு இரங்கிய ஒரு பிரான்சிஸ்கன் துறவியின் முயற்சியால் எழுந்தது பியெத்தா. இல்லத்துச் சுவரில் குழந்தையை வைத்துவிட்டுப் போவதற்கென்றே ஒரு திறப்பு இருந்தது. வறுமையாலோ, வெளியில் சொல்ல முடியாத காரணத்தாலோ வளர்க்க இயலாத தாய் அதில் தன் பிள்ளையை வைத்துவிட்டுப் போவாள். சில குழந்தைகளோடு பாதியாக வெட்டிய ஒரு பதக்கமோ படமோ இருக்கும். மறுபாதி தாயிடம் இருக்கும். என்றாவது ஒரு நாள் திரும்பி வந்தால் அடையாளம் காட்டலாம் அல்லவா? இப்படித் தனித்து நின்ற அரைப் பதக்கங்களில் பல வெனிஸில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

இல்லத்தில் ஆண்பிள்ளைகளை இளம் வயதிலேயே தொழில் கற்க வெளியே அனுப்பிவிடுவார்கள். பெண்பிள்ளைகள் உள்ளேயே வளர்வார்கள். அவர்களிலும் இரு பிரிவு. பெரும்பாலோர் தையல், பின்னல், சமையல், சலவை முதலிய வேலைகள் செய்வர். குரல் வளமும் கைத்திறமையும் உள்ளவர்களைத் தெரிந்தெடுத்து இசைக்குழுவில் சேர்ப்பர். அக்குழுவில் சுமார் 40 முதல் 60 பேர் வரை இருந்தனர். ஞாயிறுகளிலும் திருநாள்களிலும் கோயில் மாடத்தில், இரும்புக் கிராதிக்குப் பின்னால் நின்று பாடுவார்கள், வாசிப்பார்கள். கேட்பவர்களுக்கு முகம் தெரியாது. அந்த இசையைக் கேட்கவே ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் பிரபுக்களும் அரச குடும்பத்தாரும் வெனிஸுக்கு வந்தனர். அவர்கள் அளித்த கொடைகள் இல்லத்துக் குழந்தைகள் அனைவருக்கும் சோறாகவும் துணியாகவும் ஆயின.

வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பியெத்தா இசைப்பள்ளியை விவால்டி உண்டாக்கவுமில்லை, அவர் ஒருவராக நடத்தவுமில்லை. வெளியிலிருந்து வந்த ஆண் ஆசிரியர்கள் ஒரு சிலரே. அவர் பணியில் சேர்ந்தபோது பாடற்குழுத் தலைவராக இருந்தவர் பிரான்செஸ்கோ கஸ்பரீனி என்ற தேர்ந்த இசைவாணர். அன்றாடக் கற்பித்தல் முழுவதும் அங்கேயே வளர்ந்த பெண்களின் கையில்தான் இருந்தது. மூத்தவள் இளையவளுக்குச் சொல்லிக் கொடுப்பாள். இளையவள் தேறியதும் தனக்குப் பின் வந்தவளுக்குச் சொல்லிக் கொடுப்பாள். தகுதி பெற்றவர்களுக்கு ஆசிரியை என்ற பட்டம் கிடைக்கும். ஸ்வரம் பழக்குவது, ஏடுகளைப் படியெடுப்பது, குழுவை ஒழுங்கில் வைப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. தாய்முகம் காணாத ஒருத்தி, தாய்முகம் காணாத இன்னொருத்தியின் விரலைப் பிடித்துத் தந்தியின் மேல் வைத்துக் காட்டினாள். பியெத்தாவின் புகழ் அந்த விரல்களில் தொடங்கியது என்பது நம் எண்ணம்.

அப்பெண்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. வயலின் அன்னா மரியா, ஓபோ பெலெக்ரீனா என்று அவரவர் கருவியின் பெயரே அடைமொழியாக நின்றது. இவர்களில் தலைசிறந்தவர் அன்னா மரியா. 1696 வாக்கில் இல்லத்துக்கு வந்து சேர்ந்த இக்குழந்தை வயலினோடு செல்லோ, லூட், மாண்டலின், ஹார்ப்சிகார்டு எனப் பல கருவிகளையும் கற்றுத் தேர்ந்தது. இவருக்காகவே விவால்டி இருபதுக்கு மேற்பட்ட கன்சேர்டோக்களை எழுதினார். கன்சேர்டோ என்பது ஒரு கருவி முன்னின்று வாசிக்க, மற்றவை விடை கூறுவதுபோல் பின்தொடரும் இசை வடிவம். அன்னா மரியா பின்னர் அங்கேயே ஆசிரியையாகி, எத்தனையோ பேருக்குக் கற்பித்து, 1782-ல் அவ்வில்லத்திலேயே கண்மூடினார். திருமணம் செய்துகொண்டு போக விரும்பிய பெண்ணுக்கு இல்லம் சீதனம் கொடுத்தது. ஆனால் அதன்பின் அவள் பொது இடத்தில் பாடவோ வாசிக்கவோ கூடாது. இது கொடிய நிபந்தனை என்றே நமக்குப் படுகிறது. திறமையை வளர்த்தவர்களே அதற்குப் பூட்டும் போட்டார்கள்.

விவால்டியின் நிலையும் உறுதியானதன்று. இல்லத்தை நிர்வகித்த ஆளுநர் சபை ஒவ்வோர் ஆண்டும் ஆசிரியர்களை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று ஓட்டெடுத்து முடிவு செய்யும். 1704-ல் வேறொரு தந்தி வாத்தியத்தையும் கற்பிக்கச் சொல்லி அவருக்கு 40 டுகாட் கூட்டிக் கொடுத்தவர்களே, 1709-ல் 7-க்கு 6 என்ற கணக்கில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டனர்! மாணவிகளே நன்கு தேர்ந்துவிட்டதால் வெளி ஆசிரியர் தேவையில்லை என்று சபையார் எண்ணியிருக்கலாம் என்பர் ஆராய்ச்சியாளர். நன்றாகக் கற்றுக் கொடுத்ததற்கு இப்படியும் ஒரு பரிசு. 1711-ல் சபை ஒருமனதாக அவரைத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டில்தான் ஆம்ஸ்டர்டாம் நகரில் அவருடைய 12 கன்சேர்டோக்கள் அச்சாகி, ஜெர்மனியில் இளைஞர் பாக்கின் கையை எட்டின. பாக் அவற்றில் பலவற்றைத் தம் கைப்படத் திருத்தி எழுதிப் பயின்றார்.

1713-ல் கஸ்பரீனி விடுப்பில் சென்று திரும்பாமல் போகவே, திருப்பலிக்குரிய இசையையும் எழுதும் வாய்ப்பு விவால்டிக்கு வாய்த்தது. இன்று உலகெங்கும் பாடப்படும் உன்னதங்களிலே கீதத்தின் இசையமைப்பு இக்காலத்தை ஒட்டியதே. 1716-ல், வெனிஸ் படைகள் கோர்பு தீவைத் துருக்கியரிடமிருந்து காத்ததைக் கொண்டாட, யூதித்தம்மாளின் வேதாகம வரலாற்றை இசை நாடகமாக்கினார். அதில் படைத்தலைவன் ஒலோபெர்னஸ் உட்பட எல்லாப் பாத்திரங்களையும் பாடியவர்கள் பியெத்தாப் பெண்களே. ஆண்களுக்குரிய தாழ்ந்த குரலையும் சில பெண்கள் பாடினார்கள் என்பதற்கு இல்லத்துப் பதிவேடுகள் சான்று.

அவருடைய குறைகளையும் மறைக்க நாம் விரும்பவில்லை. நாடக அரங்குகளின் பணமும் ஆரவாரமும் அவரை இழுத்தன. 1718 முதல் சுமார் இரண்டாண்டு மாந்துவா அரசவையில் இருந்தார். பிறகும் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தார். ஆகவே 1723-ல் சபையார் ஓர் ஏற்பாடு செய்தனர். மாதம் இரண்டு கன்சேர்டோ எழுதித் தர வேண்டும். ஒன்றுக்கு ஒரு பொற்காசு. ஊரிலிருக்கும் நாள்களில் வந்து மாணவிகளுக்குப் பயிற்சியும் அளிக்க வேண்டும். அவ்வாறே நூற்றுக்கு மேற்பட்டவற்றை அவர் எழுதிக் கொடுத்தார். நான்கு பருவகாலங்களைச் சித்திரிக்கும் அவருடைய புகழ்பெற்ற கன்சேர்டோக்கள் 1725-ல் அச்சாயின. ஆனால் 1737-ல், பெராரா நகரத்துக் கர்தினால் ரூபோ அவரைத் தம் ஊருக்குள் வரக்கூடாதென்று தடுத்துவிட்டார். பூசை வைக்காத குரு என்பதும், அன்னா ஜிரோ என்ற பாடகியுடன் பழகுகிறார் என்பதும் குற்றச்சாட்டு. விவால்டி அதை வன்மையாக மறுத்தார். குற்றம் இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டே பியெத்தாவிலும் ஓட்டு அவருக்குப் பாதகமாயிற்று.

1740-ல் தம்மிடமிருந்த கன்சேர்டோக்கள் சிலவற்றைப் பியெத்தாவுக்கே விற்றுவிட்டு வியன்னாவுக்குப் புறப்பட்டார். அவ்வாண்டு அக்டோபரில் பேரரசர் 6-ம் சார்லஸ் இறந்துபோக, அங்கும் ஆதரவற்றுப் போனார். 1741 ஜூலை 28-ம் நாள், ஒரு மருத்துவமனைக் கல்லறைத் தோட்டத்தில் எளிய முறையில் அவரை அடக்கம் செய்தார்கள். கல்லறை இன்றில்லை. வெனிஸில் இன்று சுற்றுலாப் பயணிகளுக்கு விவால்டியின் கோயில் என்று காட்டப்படும் பியெத்தா ஆலயமும் அவர் இறந்த பின் 1745-ல் தொடங்கிக் கட்டியதேயாகும்.

அதன்பின் இருநூறு ஆண்டு அளவும் உலகம் அவரைப் பெரும்பாலும் மறந்தே இருந்தது. அவர் கையெழுத்து ஏடுகள் கைமாறி, ஜெனோவா நகரத்துத் துராத்சோ என்னும் பிரபு குடும்பத்தைச் சேர்ந்தன. அக்குடும்பத்தார் ஒருவர் தம் பங்கை, வட இத்தாலியில் போர்கோ சான் மர்தினோ என்ற ஊரிலிருந்த சலேசியக் கல்லூரிக்குக் கொடுத்தார். தொன் போஸ்கோ நிறுவிய சலேசிய சபையை நம்மவர் நன்கறிவர். 1906-ல் தஞ்சாவூருக்கு வந்தவர்களும் அச்சபைக் குருக்களே. 1926-ல் கல்லூரிக் கட்டிடத்தைப் பழுதுபார்க்கப் பணம் தேவைப்படவே, கல்லூரித் தலைவர் பழைய நூல்களை விற்க எண்ணித் துரின் நகர நூலகத்தாரின் கருத்தைக் கேட்டார். பேராசிரியர் அல்பெர்தோ ஜெந்திலி பிரித்துப் பார்த்தபோது, 97 தொகுதிகளில் 14 விவால்டியினுடையவை!

நூலகத்திடம் பணமில்லை. ரொபெர்தோ பொவா என்ற பங்கு வணிகர், பச்சிளம் பருவத்தில் இறந்துபோன தம் மகன் மவ்ரோவின் நினைவாக அவற்றை வாங்கி நூலகத்துக்கு அளித்தார். மறுபாதி ஜெனோவாவில் இருப்பது தெரிந்ததும், 1930-ல் அதை வாங்கிக் கொடுத்தவர் பிலிப்போ ஜொர்தானோ என்ற ஆலை அதிபர். அவரும் மகனை இழந்தவரே. அச்சிறுவன் ரென்சோவின் பெயரையே தொகுப்புக்கு இட்டார். பெற்றோரை அறியாத பிள்ளைகளுக்காக எழுதிய இசை, பிள்ளைகளை இழந்த இரு தகப்பன்மார் கையால் உலகுக்குத் திரும்பி வந்தது. 1939-ல் சியென்னா நகரில் விவால்டி இசைவிழா நடந்தபோது உன்னதங்களிலே கீதம் மீண்டும் ஒலித்தது.

துரினில் உள்ளவை தவிர, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர நூலகத்திலும் அவருடைய கையெழுத்துப் படிகள் சில உள்ளன. அவற்றுள் ஒன்று வயலினுக்கும் ஓபோவுக்கும் ஆர்கனுக்கும் எழுதிய சிறு சொனாட்டா. யார் யார் எதை வாசிக்க வேண்டும் என்று பியெத்தாப் பெண்களின் பெயர்களை அந்த ஏட்டிலேயே குறித்து வைத்திருக்கிறார்: புருதென்சா, பெலெக்ரீனா, லூச்சியெத்தா.