ஜகதீச சந்திர போஸும் நம் வீட்டு வானொலிப் பெட்டியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவன்)

வானொலியைக் கண்டுபிடித்தவர் யார் என்ற வினாவுக்குப் பள்ளியில் மார்க்கோனி என்று விடை எழுதினோம்; மதிப்பெண்ணும் பெற்றோம். கல்லூரிக்கு வந்த பின்னரோ, மார்க்கோனி அல்லர், நம் நாட்டு ஜகதீச சந்திர போஸே என்று நண்பர்கள் சிலர் அடித்துப் பேசக் கேட்கிறேன். கைப்பேசியில் வரும் செய்திகளும் அப்படியே முழங்குகின்றன. இவ்விரண்டில் எது மெய் என்று அறியும் ஆவலே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. ஆய்வகத்திலும் நூலகத்திலும் என் கேள்விகளைப் பொறுத்துக்கொண்ட பேராசிரியப் பெருமக்களுக்கு முதற்கண் என் நன்றி.

போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் வங்கத்தில் பிறந்தார். முன்னோர் ஊர் விக்கிரம்பூர்ப் பகுதியைச் சேர்ந்த ராரிகால்; இன்று அது வங்கதேசத்தில் உள்ளது. தந்தை பகவான் சந்திர போஸ் பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தவர். பரீத்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றியவர். அந்தப் பதவியில் இருந்தவர்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே அக்கால வழக்கம். இவரோ மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே சிறுவன் ஜகதீசனுக்கு ஒருபுறம் தந்தையின் சேவகருடைய மகன் அமர்ந்தான்; மறுபுறம் மீனவர் ஒருவரின் மகன் அமர்ந்தான். செடி கொடி, நீர்வாழ் உயிர்கள் ஆகியவற்றைப் பற்றி அவர்கள் சொன்ன கதைகளிலிருந்துதான் இயற்கையின் மீது தமக்கு நாட்டம் பிறந்தது என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். தமிழ்வழியில் படித்துவிட்டு இங்கு வந்து, முதல் பருவத்தில் ஆங்கிலப் பாடநூலைக் கண்டு திகைத்து நின்ற என்னைப் போன்றவர்களுக்கு இச்செய்தி மிகவும் ஆறுதலானது.

பின்னர் கல்கத்தாவில் ஹேர் பள்ளி, புனித சவேரியார் பள்ளி, கல்லூரி என்று படிப்பு நடந்தது. கல்லூரியில் பாதிரியார் லாஃபோன் பாடத்தைச் சோதனைகளாகவே செய்து காட்டுவார். கையால் கருவி செய்யும் பழக்கம் போஸுக்கு அங்கேயே ஏற்பட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1880-இல் மருத்துவம் படிக்க லண்டன் சென்றார். உடல்நலம் குன்றியிருந்த அவருக்குப் பிண அறுவைக் கூடத்தின் நாற்றம் ஒத்துவரவில்லை. மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்றார். ஒலியியலில் நாம் பெயரளவில் படிக்கும் ராலே பிரபு அங்கே அவருக்கு ஆசிரியர். கேம்பிரிட்ஜ் பட்டத்தோடு லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டமும் பெற்று நாடு திரும்பினார்.

1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். இந்தியருக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் தகுதி உண்டா என்ற ஐயம் ஆங்கிலேய அதிகாரிகளுக்கு. வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கிடைக்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு. இவர் நியமனம் தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. போஸ் சண்டை போடவில்லை, மனு மேல் மனு எழுதவில்லை. சம்பளத்தைத் தொடவே மறுத்துவிட்டார். ஒரு மாதமன்று, மூன்று ஆண்டுகள்! வகுப்புக்கு மட்டும் ஒருநாளும் தவறவில்லை. இறுதியில் நிர்வாகம் இறங்கிவந்து, பணியை நிரந்தரமாக்கி, முழுச் சம்பளத்தையும் நியமன நாளிலிருந்தே கணக்கிட்டுக் கொடுத்தது. அந்தத் தொகை தந்தையின் கடனை அடைக்கப் பயன்பட்டது.

இக்கதையை வீட்டில் சொன்னபோது, அந்த மூன்று வருடமும் அடுப்பு எப்படி எரிந்தது என்று அம்மா கேட்டார். ஏரிப்பாசன வயலில் நடவுக்குப் போய் அன்றன்றைக்குக் கூலி வாங்குபவரின் கேள்வி அது. அதில் நியாயம் இருக்கிறது. கடன் இருந்தாலும் மாஜிஸ்திரேட்டின் மகனால் மூன்றாண்டு பொறுக்க முடிந்தது. எங்கள் வீட்டில் மூன்று வாரம் முடியாது. அதனால் போஸின் உறுதி எனக்குக் குறைந்து தோன்றவில்லை. ஆனால் அதைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

அம்மாவின் கேள்விக்கு விடையில் ஒரு பகுதி அபலா தேவியார். 1887-இல் போஸை மணந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்க மறுத்ததால், வங்க அரசின் உதவித்தொகை பெற்று 1882-இல் நம் சென்னைக்கு வந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்காமலே திரும்ப நேர்ந்தது. பின்னாளில் வங்கத்தில் பெண்கல்விக்காக நாரி சிக்ஷா சமிதி என்ற அமைப்பை 1919-இல் நிறுவினார். போஸ் வரலாறுகளில் இவருக்கு இரண்டு வரிதான் கிடைக்கிறது. எனக்கோ தனிக்கட்டுரை எழுத ஆசை.

இனி அலைகளுக்கு வருவோம். மின்காந்த அலைகள் உண்டு என்று மாக்ஸ்வெல் கணிதத்தால் கூறியதை ஹெர்ட்ஸ் சோதனையால் மெய்ப்பித்தார். ஹெர்ட்ஸின் பணியைப் பற்றி ஆலிவர் லாட்ஜ் 1894-இல் ஆற்றிய சொற்பொழிவு அச்சாகி வந்து போஸின் கைக்கு எட்டியது. அப்போது அவருக்கு வயது 36. கல்லூரியில் ஆராய்ச்சிக் கூடம் கிடையாது. குளியலறையை ஒட்டிய ஒரு சின்னஞ்சிறு அறையை ஒழித்துக்கொண்டார். உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவரைப் பழக்கிக் கருவிகளைச் செய்வித்தார். ஹெர்ட்ஸின் அலைகள் நீளமானவை. அவற்றை ஒளியைப் போல் வளைக்கவும் பிரிக்கவும் வேண்டுமானால் பெரிய பெரிய கருவிகள் தேவை. அறை சிறியது, எனவே அலையையே சிறியதாக்கினார் போஸ். 25 மில்லிமீட்டரிலிருந்து 5 மில்லிமீட்டர் வரை அலைநீளமுள்ள அலைகளை உண்டாக்கினார். 5 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ 60 கிகாஹெர்ட்ஸ். உலோகக் குழாயின் வழியே அலையைச் செலுத்தினார். புனல் போன்ற வாயை வைத்து அதைச் சேகரித்தார். இன்று அலைவழிகாட்டி என்றும் கொம்பு ஏரியல் என்றும் பாடநூலில் வருபவை இவையே.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அவருடைய முனைவாக்கச் சோதனை. அலை எந்தத் தளத்தில் அதிர்கிறது என்று காண விலையுயர்ந்த பளிங்கு ஒன்றும் அவர் தேடவில்லை. இரயில்வே கால அட்டவணைப் புத்தகம் ஒன்றை எடுத்து, பக்கங்களுக்கிடையே வெள்ளீயத் தகடுகளைச் செருகினார். புத்தகத்தை ஒருவாறு பிடித்தால் அலை கடந்து சென்றது; திருப்பிப் பிடித்தால் தடைப்பட்டது. வங்கத்துச் சணலை முறுக்கி வைத்து, அலையின் அதிர்வுத் தளம் சுழல்வதையும் காட்டினார். புத்தகமும் சணலும் எந்தக் கல்லூரியில்தான் இல்லை?

1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் பொதுமக்கள் முன்னிலையில் கம்பியின்றி அலையை அனுப்பி, ஏறத்தாழ 75 அடிக்கு அப்பால், இடையே சுவர்கள் இருக்க, மணியை ஒலிக்கச் செய்து வெடிமருந்தைக் கொளுத்திக் காட்டினார். 1896-இல் லண்டன் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனின் வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவில், தகரக் கொல்லரின் கைவண்ணத்தோடு மேடையேறினார்.

மார்க்கோனி வழக்கு இங்கேதான் எழுகிறது. 1901 டிசம்பர் 12-இல் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்த சைகையைக் கேட்டபோது பயன்படுத்திய பாதரச உணர்கருவி, இத்தாலியக் கடற்படையார் வழியாக அவர் கைக்கு வந்தது. அதே அமைப்பை இரும்பும் பாதரசமும் தொலைபேசிச் செவிக்குழலும் கொண்டு 1899-இலேயே ராயல் சொசைட்டிக்கு அனுப்பிய கட்டுரையில் போஸ் விவரித்திருந்தார் என்பதை, நூறாண்டு கழித்து ஆராய்ந்தவர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். அப்படியானால் வானொலி போஸின் கண்டுபிடிப்பா? என் முடிவு, இல்லை என்பதே. செய்தி அனுப்புவது அவர் நோக்கமாக இருக்கவில்லை; அலையின் இயல்பை அறிவதே நோக்கம். நெடுந்தூரம் செல்லும் நீள அலைகளை அவர் நாடவும் இல்லை. மார்க்கோனியோ அலையின் தத்துவத்தைவிடத் தூரத்தையே துரத்தினார். 1909-இல் பிரவுனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். போஸுக்குரிய பெருமை வேறு. அதை நாம் சரியாகச் சொல்வதில்லை என்பதே என் குறை.

அந்தப் பெருமை கலீனா என்னும் ஈயத் தாதுப் பளிங்கில் இருக்கிறது. அப்பளிங்கின் மீது ஒரு கம்பி முனையைத் தொட வைத்தால் அலையை அது உணர்ந்துகொள்ளும் என்று போஸ் கண்டார். காப்புரிமை பெற அவர் விரும்பவில்லை. அறிவை விற்பது அவருக்கு உடன்பாடன்று. சகோதரி நிவேதிதையும் சாரா புல் என்ற அமெரிக்க அம்மையாரும் வற்புறுத்தியதால் 1901-இல் அமெரிக்காவில் விண்ணப்பம் செய்யப்பட்டு, 1904-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. குறைகடத்திக் கருவிக்குக் கிடைத்த முதல் காப்புரிமை அதுவே என்பர். அதிலிருந்து அவர் காசு பார்க்கவில்லை. குறைகடத்திகளின் இருவகைகளையும் போஸ் அறுபது ஆண்டுகள் முன்பே உணர்ந்திருந்தார் என்ற கருத்தை நோபல் பரிசு பெற்ற நெவில் மாட் பின்னர் தெரிவித்தார்.

சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924-இல் தோன்றி ஒலிபரப்பைத் தொடங்கியது. அக்காலத்தில் வானொலிப் பெட்டி வாங்க எண்ணியவர் முன் இருந்த வழிகள் இரண்டு: விலை மிகுந்த வால்வுப் பெட்டி, அல்லது மின்கலமே வேண்டாத பளிங்குப் பெட்டி. இரண்டாவதன் உள்ளே இருந்தது பெரும்பாலும் கலீனாத் துண்டும் கம்பி முனையுமே. ஏழை வீட்டில் முதலில் பாட்டுக் கேட்டது போஸ் கைவைத்த கல்லின் வழியாகத்தான் என்று எண்ணுகையில் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இன்று அவ்வாறு தேர்ந்தெடுக்க விரும்பும் நண்பர்களுக்கு, நான் விசாரித்து அறிந்ததையும் சொல்லிவிடுகிறேன். அலைவரிசைகளைத் தானே வரிசையாகத் துழாவும் டிஜிட்டல் ஸ்கேனர் என்ற பெட்டிகள் வெளிநாடுகளில் விற்கின்றன. அவற்றில் விலையுயர்ந்தவை அமெரிக்கக் காவல், தீயணைப்புத் துறைகளின் முறைகளுக்கென அமைந்தவை. உத்திரமேரூரில் அவற்றால் பயன் சிறிதே. தொலைக்காட்சி பார்க்கவென்று செய்யப்பட்ட விரலளவுக் கருவி ஒன்று இருக்கிறது. அதைக் கணினியில் செருகினால் சுமார் 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1700 வரை எதையும் வாங்கும் என்று 2012-ஐ ஒட்டி ஆர்வலர்கள் கண்டுகொண்டனர். தொடக்கத்துக்கு அதுவே போதும். வாங்கும்போது வெப்பத்தால் அலைவரிசை நகராதபடி ஈடுசெய்யும் அலையியற்றி உள்ளதாகப் பார்க்க வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மலிவான கருவி வழுவிப் போகும். மத்திய அலை நிலையங்கள் அதில் நேரடியாகக் கிடைக்கா. அதற்குத் தாத்தாவின் டிரான்சிஸ்டரே மேல். கருவியைவிட ஏரியலே முக்கியம். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். அதில் கால் பங்கு கம்பி வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸ் பண்பலைக்கு 75 சென்டிமீட்டர். பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் அமெச்சூர் ஒலி வரும் 145.8-க்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர். ஓட்டு வீட்டுக் கூரைக்குமேல் ஒரு மூங்கிலில் கட்டினால், கணினியருகே வைப்பதைவிடப் பன்மடங்கு தெளிவு. தரையில் செங்குத்தாக நிற்கும் ஏரியலிலிருந்து வரும் அலைக்கு நம் கம்பியும் செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்கவைத்தால் ஒலி மெலியும். கால அட்டவணைப் புத்தகம் காட்டிய உண்மை இதுவே! எச்சரிக்கை ஒன்று: பொதுமக்களுக்கென ஒலிபரப்பப்படுவதைக் கேட்கலாம், காவல்துறை போன்றவற்றின் பேச்சை ஒட்டுக்கேட்பது குற்றம். தாமே பேச விரும்புவோர் மத்திய அரசின் தேர்வெழுதி அமெச்சூர் உரிமம் பெற வேண்டும்.

போஸ் நிற்கவில்லை. உணர்கருவி தொடர்ந்து வேலை செய்தால் களைத்து, ஓய்வுக்குப்பின் தெளிவதைக் கண்டவர், உயிருள்ளதும் இல்லாததும் தூண்டலுக்கு ஒத்த முறையில் துலங்குகின்றனவோ என்று கேட்கத் தொடங்கினார். அங்கிருந்து தாவரங்களுக்குச் சென்றார். செடியின் நுண்ணிய வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் கருவியை அமைத்தார். லண்டன் உடலியல் அறிஞர்கள் அவரைக் கடுமையாக எதிர்த்தனர். கட்டுரை அச்சேறாமல் நின்றதும் உண்டு. அவர் முடிவுகள் சிலவற்றை இன்றைய தாவரவியல் அப்படியே ஏற்பதில்லை. செடிகளில் மின் சைகைகள் ஓடுகின்றன என்பதை ஏற்கிறது. 1917-இல் சர் பட்டம். அதே ஆண்டு தம் பிறந்தநாளில் கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 1920-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். மேகநாத சாகா, சத்தியேந்திரநாத் போஸ் இருவரும் அவரிடம் பயின்ற மாணவர்கள்.

1937 நவம்பர் 23-ஆம் நாள், 79 வயது நிறைய ஒரு வாரம் இருக்கையில், கிரிடியில் காலமானார். 2022-இல் நம் நாட்டில் ஐந்தாம் தலைமுறைத் தொலைபேசிக்கென 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஏலம் விடப்பட்டது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர்; குளியலறையை ஒட்டிய அந்த அறையில் போஸ் கையாண்ட அளவுகளுக்குள் அடங்குவது. நான் மேலே சொன்ன விரலளவுக் கருவிக்கு அது எட்டவே எட்டாது. அவர் செய்வித்த கருவிகள் கல்கத்தாவில் அவர் நிறுவிய நிலையத்தின் காட்சிக்கூடத்தில் பாதுகாக்கப்படுகின்றன. இவ்வாண்டுக் கல்விச் சுற்றுலாவுக்கு ஊட்டியையும் கொடைக்கானலையும் பற்றிப் பேச்சு நடக்கிறது. கல்கத்தாவையும் எண்ணிப் பார்க்குமாறு துறைத்தலைவர் ஐயா அவர்களைப் பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.