பீரங்கி ஏற்றிய நாடகாசிரியர்

சுதந்திரப் போர் என்றதும் தளபதிகளின் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. அவர்களுக்கு ஆயுதங்களைக் கடல் கடந்து சேர்ப்பித்தவர்களைப் பற்றி நாம் விசாரிப்பதில்லை. அமெரிக்கர்களுக்கு அவ்விதம் சேர்ப்பித்தவர்களில் முதன்மையானவர் பொமார்ஷே என்னும் பிரெஞ்சு நாடகாசிரியர்.

1732-ல் பாரிஸில் ஒரு கடிகாரத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். தந்தையின் தொழிலில் பேர் வாங்கி, அரசகுமாரிகளுக்குச் சங்கீதம் போதித்து, 1775-ல் ‘ஸெவில் நகரத்து நாவிதன்’ நாடகத்தால் புகழடைந்தார்.

அப்போது பிரிட்டனை எதிர்த்து எழுந்த அமெரிக்கக் காலனிகளிடம் ஆவேசம் இருந்தது, வெடிமருந்து இல்லை. பிரெஞ்சு சர்க்காருக்கோ பிரிட்டன் மீது பழம்பகை இருந்தும் பகிரங்க யுத்தத்துக்குத் துணிவில்லை. பொமார்ஷே இடையில் புகுந்தார். 1776-ல் பிரான்ஸ் பத்து லட்சம் லிவரும், ஸ்பெயின் பத்து லட்சம் லிவரும் ரகசியமாய் அளித்தன. ‘ரோடரிக் ஹோர்த்தலேஸ் கம்பெனி’ என்ற ஸ்பானியப் பெயரில் வியாபாரம் தொடங்கிற்று. பிரெஞ்சு ஆயுதசாலைகளின் பீரங்கிகளும் துப்பாக்கிகளும் வர்த்தகச் சரக்காயின. அமெரிக்கர் புகையிலை முதலிய விளைபொருள்களை ஈடாக அனுப்ப வேண்டுமென்பது ஏற்பாடு.

1776 டிசம்பரில் கப்பல்களை அனுப்ப, பொய்ப்பெயர் தரித்து லஹாவ்ர் துறைமுகம் சென்றார். அங்கே தம் நாடகத்தைச் சிலர் நடிக்க முயல்வது கண்டு, தாமே ஒத்திகை நடத்தப் புகுந்தார், வேஷம் கலைந்தது! கலைப் பித்து யாரை விட்டது? பிரிட்டிஷ் தூதர் ஆட்சேபித்தார். கப்பல்களைத் தடுக்க உத்தரவு பிறந்தது. அதற்குள் ‘ஆம்பித்ரீத்’ கிளம்பிவிட்டது. நடுவழியில் திரும்பி வந்து, மறுபடி புறப்பட்டு, 1777-ல் அமெரிக்காவின் போர்ட்ஸ்மத் துறையை அடைந்தது. அவ்வாண்டு அக்டோபரில் சரடோகாவில் ஒரு பிரிட்டிஷ் சேனையே சரணடைந்தபோது, வென்றவர்களின் கையில் இவ்வாயுதங்களும் இருந்தன. 1778-ல் பிரான்ஸ் வெளிப்படையாகவே அமெரிக்காவின் நேச நாடாயிற்று.

ஆனால் புகையிலை பேசியபடி வரவில்லை. 1779-ல் அவருடைய காவற்கப்பலையே பிரெஞ்சுக் கடற்படை கிரெனடா யுத்தத்தில் ஈடுபடுத்த, அதன் கப்பித்தான் மாண்டார். வந்த ஆயுதங்கள் யாவும் பிரெஞ்சு மன்னரின் நன்கொடையே என்று ஆர்தர் லீ அமெரிக்கக் காங்கிரஸை நம்பச் செய்திருந்தார். மன்னர் பணம் கலந்தது மெய். ஆயினும் சென்ற சரக்கின் விலை அதற்கு மேற்பட்டது. எனவே காங்கிரஸின் தயக்கத்தை நாம் நியாயமென்று கொள்வதற்கில்லை. 1793-ல் ஹாமில்டனே 22,80,000 பிராங்க் பாக்கியென்று கணக்கிட்டார், பணம் வரவில்லை. 1799-ல் பொமார்ஷே காலமானார். 1835-ல் அவர் வாரிசுகள் எட்டு லட்சம் பிராங்குக்கு இசைந்து கணக்கை முடித்துக்கொண்டார்கள்.